இடுப்பில் ஒரு .32: திண்டுக்கல் சமவெளியில் கைத்துப்பாக்கி வாங்குவது பற்றி

திண்டுக்கல் பக்கம் கைத்துப்பாக்கி வேண்டும் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கையில் ரொக்கம் புழங்குகிறவர்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், நிலக்கோட்டையில் பூ எடுத்து வெளியூருக்கு அனுப்புபவர், வத்தலக்குண்டில் தேங்காயும் வாழையும் பிடிப்பவர், டவுனுக்குள் நகைக்கடையோ பைனான்ஸோ நடத்துபவர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். சின்னதாக, இடுப்பில் வைத்தால் வெளியே தெரியாததாக, விலையும் கையைக் கடிக்காததாக எது கிடைக்கும்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறவருக்கு நூற்றுக்கணக்கான ரகங்கள் காத்திருக்கின்றன. அங்கே வரும் பத்திரிகைகள் மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்த்து அட்டவணை போடுகின்றன. அந்த அட்டவணைகளைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் கனவு கண்டால் நேரம்தான் வீண். இந்தியக் குடிமகனின் முன்னால் இருக்கும் ரகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிறிய வட்டத்துக்குள் ‘சிறியது’, ‘மலிவானது’ என்ற இரண்டு ஆசைகளும் வாங்குபவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன என்பது என் கருத்து. துப்பாக்கியின் எடையைக் குறைத்தால் குறி தவறுகிறது. விலையைக் குறைத்தால் தோட்டாவின் பலம் குறைகிறது. துப்பாக்கியின் விலையோ மொத்தச் செலவில் ஒரு பங்குதான்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது 13ஆம் பிரிவு. அது துப்பாக்கிகளை இரண்டு விதமாக நடத்துகிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத நீளத் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கு உண்மையாகவே கேட்டாலும், சட்டத்தின் தொனி ‘கொடு’ என்பது. ரிவால்வரும் பிஸ்டலும் அந்தச் சலுகைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு ‘தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தால் மட்டும்’ என்ற வாசல்தான். ஆக, இடுப்பில் வைக்கும் துப்பாக்கியைக் கேட்பவர் தொடக்கத்திலேயே கடினமான வரிசையில் போய் நிற்கிறார்.

சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனர் லைசென்ஸ் கொடுப்பார். திண்டுக்கல் 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தாலும் இங்கே கமிஷனரகம் இல்லை. எனவே விண்ணப்பம் கலெக்டருக்குத்தான். அங்கிருந்து அது இரண்டு கிளையாகப் பிரியும். ஒன்று ஆர்.டி.ஓ., தாசில்தார் என்று வருவாய்த் துறை வழி. இன்னொன்று எஸ்.பி. அலுவலகத்திலிருந்து டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று இறங்கி உங்கள் தெருவுக்கு வரும் விசாரணை. காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடமும் கேட்பார்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2016இல் வந்த ஆயுத விதிகள் பயிற்சிச் சான்றையும் மருத்துவச் சான்றையும் கேட்கின்றன. துப்பாக்கியைப் பூட்டி வைக்க வீட்டில் என்ன ஏற்பாடு என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். தேசியத் தரவுத்தளத்தில் பதிவாகித் தனி எண் கிடைத்தால்தான் லைசென்ஸ் செல்லும். மறுத்தால் 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று வாதாட முடியாது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகள் பற்றிய கவலையை 2023இல் ராஜேந்திர சிங் என்பவரின் ஜாமீன் வழக்கில் பேசிய உச்ச நீதிமன்றம், அமெரிக்க அரசமைப்பில் உள்ளது போன்ற உரிமை நம் அரசமைப்பில் யாருக்கும் இல்லை என்பதை நினைவூட்டியது.

ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் கேட்க வேண்டும் என்ற நிலை இந்த மண்ணுக்கு எப்போது வந்தது? திண்டுக்கல் ஒரு காலத்தில் துப்பாக்கி வாங்கும் ஊராக மட்டும் இல்லை, படைக்கலம் செய்யும் ஊராகவும் இருந்தது. 1755இல் மைசூர்ப் படையின் பௌஜ்தாராக இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆண்ட மனிதரின் பீரங்கிப் பாடம் இந்த மலைக்கோட்டையின் அடியில்தான் தொடங்கியது. 1790இல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1792 உடன்படிக்கையில் சீமையே கும்பெனியின் கைக்குப் போனது. கும்பெனிக்கு எதிரான திண்டுக்கல் கூட்டணியை நடத்திய விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தது. வேலும் ஈட்டியும் நாட்டுத் துப்பாக்கியும் வீட்டில் இருப்பதே குற்றமாயிற்று. நாடு முழுவதற்கும் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்த லிட்டன் பிரபுவின் சட்டம் 1878இல்தான் வந்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நம் ஜனங்கள் ஆயுதத் தடையைப் பார்த்துவிட்டார்கள்.

லைசென்ஸ் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? இங்கேயும் சட்டம்தான் முதலில் பேசுகிறது. 9 மி.மீ., .38, .45 போன்றவை தடை செய்யப்பட்ட ‘போர்’ (குழல் துளை அளவு), கடையில் ‘பி.பி.’ என்பார்கள். அவற்றுக்கு அனுமதி தருவது மத்திய உள்துறை. சாதாரண வியாபாரிக்கு அது கிடைக்காது. மிச்சம் இருப்பது தடை இல்லாத ‘என்.பி.பி.’, அதாவது .32, .22, இன்னும் சில சில்லறை அளவுகள். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதி 1980களின் நடுவில் நின்றுபோயிற்று. அதற்கு முன் வந்த வால்தர், பிரவுனிங் போன்றவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை லட்சங்களில் ஏறிவிட்டது. ஜெர்மனியில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பழைய வால்தருக்கு இங்கே ஒரு கார் வாங்கும் பணத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. அதன் வேலைப்பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் உதிரி பாகம் கிடைக்காத, அறுபது வயதான இயந்திரத்தை உயிர்க் காவலுக்கு நம்புவது சேகரிப்பாளரின் ஆசை. மண்டிக்காரருக்குப் பொருந்தாது.

எனவே உள்நாட்டுச் சரக்கு. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்தான் இந்தியாவின் பொதுக் கைத்துப்பாக்கி. பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வம்சம். நடுவில் மடங்கித் திறக்கும். ஆறு தோட்டா, மூன்று அங்குலக் குழல், எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அழகு என்று எதுவும் கிடையாது. விசையை இழுக்கக் கொஞ்சம் விரல் பலம் வேண்டும். ஆனால் உடைந்தால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மேலுறையும் எளிதில் கிடைக்கும்.

2014 ஜனவரியில் கான்பூரின் இன்னொரு ஆலையான பீல்டு கன் பேக்டரி ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. டெல்லி மாணவிக்கு நடந்த பாலியல் வன்கொடுமைக்குப் பின், பெண்களுக்காக என்று விளம்பரம் செய்யப்பட்டது. டைட்டானியம் உலோகக் கலவையில் செய்ததால் எடை சுமார் அரை கிலோ. அப்போதைய விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண்களின் பாதுகாப்பை ஒன்றேகால் லட்சத்துக்கு விற்பது எவ்வளவு அபத்தம் என்று அப்போதே பலர் எழுதினார்கள். நியாயமான கோபம். எடைக்காக அதைப் புகழ்ந்தவர்களும் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டார்கள். எடை குறைந்த துப்பாக்கி சுடும்போது கையில் கூடுதலாகத் துள்ளும். பழக்கம் இல்லாத கைக்கு அது கெடுதல்.

அடுத்து ‘நிடர்’. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .22 ரிவால்வர். கால் கிலோ எடை, எட்டுத் தோட்டா. வெளிவந்தபோது விலை சுமார் 35,000. சிறியது, மலிவானது என்ற இரண்டு விருப்பத்தையும் காகிதத்தில் நிறைவேற்றுவது இது ஒன்றுதான். ஆனால் .22 தோட்டா 1880களில் பிறந்தது. டப்பாக்களையும் முயல்களையும் சுட்டுப் பழகுவதற்கு ஏற்றது. அதைப் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்பில் இருக்கும். அந்த வகைத் தோட்டா வெடிக்காமல் போகும் வாய்ப்பு நடுவில் அடிக்கும் வகையைவிட அதிகம். அவசரத்துக்கு நம்ப வேண்டிய பொருளில் இது சிறிய குறை இல்லை. விலையைப் பார்த்து இதை வாங்குபவர்களை எனக்குப் புரிகிறது. பரிந்துரைக்க மனம் வரவில்லை.

2020இல் வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பழைய ஆங்கிலக் கம்பெனி, உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து .32 ரிவால்வரைச் செய்யத் தொடங்கியது. விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ வந்தது. ராணுவத் தளவாட ஆலைகளின் பழைய வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்யும் ஆலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனிக்குள் வந்தன. நம் திருச்சி ஆலையும் அதில்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் சரக்கு ‘பிரபல்’. பழைய மாதிரி நடுவில் மடங்காமல் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். அமெரிக்க ரிவால்வர்களில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் வசதி இங்கே 2023இல் புதுமையாக அறிவிக்கப்பட்டது. 50 மீட்டர் எட்டும் என்று சொன்னார்கள். தற்காப்புக்கு 50 மீட்டர் எதற்கு? அவ்வளவு தூரத்தில் இருப்பவனிடமிருந்து ஓடிவிட முடியும், கதவைச் சாத்திக்கொள்ள முடியும். அவனைச் சுட்டால் கோர்ட்டில் தற்காப்பு என்று சொல்வதும் கடினம்.

பிஸ்டல் என்று பார்த்தால் கொல்கத்தாவின் காசிப்பூர் ஆலை செய்யும் ‘அஷானி’. அதுவும் .32 தான். ஆனால் ரிவால்வரின் .32 வேறு, பிஸ்டலின் .32 வேறு. முன்னது 1896ஐ ஒட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த நீளமான, அடியில் விளிம்பு கொண்ட தோட்டா. பின்னது 1899இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. ஒன்றை மற்றதில் போட முடியாது. லைசென்ஸில் எந்த ஆயுதம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குரிய தோட்டாவைத்தான் கடைக்காரர் கொடுப்பார். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ஒரு பெல்ஜியப் பிரவுனிங் பிஸ்டலால். இன்றைய திண்டுக்கல் வியாபாரிக்கு சட்டம் அனுமதிக்கும் பிஸ்டல், அடிப்படை வேலைமுறையில் அந்தத் தலைமுறையைத் தாண்டி அதிக தூரம் வந்துவிடவில்லை.

.32 எவ்வளவு பலம்? ரிவால்வரோ பிஸ்டலோ, குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 150 முதல் 180 ஜூல். போலீஸ் வைத்திருக்கும் 9 மி.மீ. தோட்டாவுக்கு அது 500 ஜூலை நெருங்கும். சினிமாவில் ஒரு குண்டு பட்டால் ஆள் பின்னால் பறந்து விழுவான். உண்மையில் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டவர் பல சமயம் நின்றபடியே இருப்பார், ஓடுவார், திருப்பி அடிப்பார். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் நடந்ததை நம் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை எட்டும் தூரத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், ராதாவின் உடலிலும் குண்டு பாய்ந்தது. எம்.ஜி.ஆர். குரல் மாறியபோதும் அடுத்த மாதம் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பத்து ஆண்டு கழித்து முதலமைச்சர் ஆனார். ராதா 1979 வரை வாழ்ந்தார். அதே சமயம் 1948 ஜனவரி 30 அன்று காந்தியின் உயிரைப் பறித்ததும் ஒரு சிறிய பெரெட்டா பிஸ்டல்தான். ஆக, இந்தச் சிறிய தோட்டாக்கள் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தும் என்ற நிச்சயம் இல்லை. கொல்லாது என்ற நிச்சயமும் இல்லை. பட்ட இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பட்ட இடம் என்பது பயிற்சி.

இதனால்தான் எடையைப் பற்றி இவ்வளவு பேசினேன். கனமான துப்பாக்கி கையில் அசையாமல் நிற்கும், துள்ளல் குறையும், புதியவருக்கும் இரண்டாவது குண்டு முதல் குண்டின் பக்கத்தில் போகும். சிறிய குழல் என்றால் முன் குறிக்கும் பின் குறிக்கும் உள்ள தூரம் குறைந்து, கையின் சிறு நடுக்கமும் பெரிதாகிவிடும். ரிவால்வரா பிஸ்டலா என்று கேட்டால் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கையில் எடுக்கப்போகிறவருக்கு ரிவால்வர் என்பேன். தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டோம், காலியாகிவிட்டது என்று நினைத்து, குழலுக்குள் ஒன்று மிச்சம் இருப்பதை மறந்து நடக்கும் விபத்துகள் உலகம் முழுக்க ஒரே கதைதான். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தியில் வரும். தினமும் பயிற்சி செய்யும் ஆளுக்குப் பிஸ்டல் மெல்லியது, இடுப்பில் அமுங்கி உட்காரும், எட்டுத் தோட்டா பிடிக்கும். அந்த ஆள் நம்மில் அபூர்வம்.

பயிற்சிக்கு எங்கே போவது? மதுரை ரைபிள் கிளப் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இருநூறு தோட்டா, ஒரு சமயத்தில் நூறு என்பது 2016 விதிகள் வைத்த அளவு. லைசென்ஸில் அதைவிடக் குறைவாகவும் எழுதியிருக்கலாம். வாங்கியதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். இதனால் தோட்டாவைச் சுட்டுப் பழகாமல் பீரோவில் பத்திரப்படுத்துபவர்கள்தான் அதிகம். பத்து வருடப் பழைய தோட்டா நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் என்ன ஆகும் என்று யாரும் சோதிப்பதில்லை.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி. அடுக்கில் ரிவால்வரும் பிஸ்டலும் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்குப் போய்விட்டன. உல்லாசப் படகும் சொந்த விமானமும் இருக்கும் வரிசை அது. ஆலை விலை ஒரு லட்சம் என்றால் நாற்பதாயிரம் வரி. மலிவான கைத்துப்பாக்கி என்று நாட்டில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் தாத்தாவுடையதுதான். 2016 விதிகளின்படி லைசென்ஸ்தாரர் இறந்தாலோ, அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, துப்பாக்கியை வாரிசுக்கு மாற்ற வழி இருக்கிறது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். அதே விசாரணை, அதே சான்றுகள். இப்படி வரும் துப்பாக்கிகளில் நல்லவையும் உண்டு, உள்ளே துரு ஏறிக் குழல் வீங்கியவையும் உண்டு. துப்பாக்கிக் கடையில் கொடுத்துப் பார்க்காமல் வீட்டுத் தோப்பில் போய்ச் சுட்டுப் பார்ப்பது முட்டாள்தனம், குற்றமும்கூட.

2019 திருத்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டாகவும் அதிகபட்சம் ஐந்தாகவும் ஏறியது. வடக்கிலிருந்து வரும் நாட்டுக் கைத்துப்பாக்கியை ‘சல்லிசு’ என்று யாராவது காதில் ஓதினால், அந்தச் சல்லிசில் இந்த இரண்டு ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். தரம் இல்லாத குழல் கையிலேயே வெடிப்பது தனிக் கணக்கு.

வைக்க இடம் வேண்டும். இதில் மட்டும் திண்டுக்கல்காரருக்கு அதிர்ஷ்டம். நாகல்நகர் பட்டறைகளின் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டோடு இரும்புப் பெட்டியும் இந்த ஊர்த் தொழில்தான். துப்பாக்கிக்கென்று விலை கூடிய வெளிநாட்டுப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. சுவரில் பதிக்கும் சிறிய பெட்டியும் நல்ல உள்ளூர்ப் பூட்டும் போதும். தோட்டாவை வேறு பெட்டியில் வையுங்கள். சாவி பூஜை அறையில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்கினால் செய்த செலவெல்லாம் வீண்.

இனி இடுப்பில் வைப்பது. வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் பேன்ட், பெல்ட், சட்டைக்குள் மறையும் உறை என்றே பேசுகின்றன. நம் மண்டிக்காரர் வேட்டி கட்டுகிறார். வேட்டியின் மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டின் பையில் பணமும் மொபைலும் நிற்கும், முக்கால் கிலோ இரும்பு நிற்காது. மடியில் முடிந்து வைப்பது ஆபத்தின் உச்சம். விசை எதில் மாட்டும் என்று யாருக்கும் தெரியாது. விசையை முழுதாக மூடும் உறை, அதைத் தாங்கும் தடித்த பெல்ட், அதற்கு மேல் தளர்வான சட்டை. இது இல்லாமல் வெளியே எடுத்துச் செல்லவே கூடாது. டூவீலரில் போகும்போது குனிந்து நிமிரும் இடுப்பில் அது எங்கே அழுத்தும், விழுந்தால் எந்த எலும்பைப் பதம் பார்க்கும் என்றும் யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வழியும் வியர்வை கறுப்புப் பூச்சுள்ள எஃகை ஒரு வாரத்திலேயே துருப்பிடிக்க வைக்கும். தினமும் எண்ணெய்த் துணியால் துடைக்கும் பொறுமை இருக்கிறதா? விதிகளும் உறைக்குள் வைத்துத்தான் பொது இடத்தில் எடுத்துச் செல்லச் சொல்கின்றன. எடுத்துக் காட்டி மிரட்டுவது லைசென்ஸைப் பறிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. சந்தை, ஊர்வலம், சமய விழா, பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு, தனி அனுமதி இல்லாமல், லைசென்ஸ் நிபந்தனையே தடை. அதாவது மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கும், தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கும் அது கூட வராது. நகை போட்டுக்கொண்டு போகும் நாட்கள் அவைதானே. லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் போடிமெட்டு தாண்டி ஏலக்காய் வாங்கப் போகும்போதும் வீட்டில் வைத்துவிட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாகத் தேர்தல் வருகிறது. தேர்தல் காலத்தில் ரொக்கம் எடுத்துப் போகிறவருக்குப் பறக்கும் படையின் தொல்லை வேறு. துப்பாக்கி மட்டும் ஸ்டேஷனில் ரசீதோடு படுத்திருக்கும்.

சுட நேர்ந்தால்? 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பேசுகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ளவற்றின் புது எண்கள்தான். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம். சொத்துக்காக அந்த அளவு போக, வழிப்பறி, இரவில் வீடு உடைத்தல், தீ வைத்தல் போன்ற சில நிலைகளில் மட்டும் இடம் உண்டு. தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது. செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் பறப்பவனின் முதுகில் சுட்டவர் தற்காப்பு என்று வாதாட வேண்டிய சுமையைத் தானே ஏற்றிக்கொள்கிறார். நம் சாலைகளில் நடக்கும் செயின் பறிப்பு பின்னாலிருந்து வந்து மூன்று நான்கு நொடியில் முடிந்துவிடும். அந்த நொடிகளில் எந்தத் துப்பாக்கியும் உறையை விட்டு வெளியே வராது.

மேட்டு நிலத்தில் கதை வேறு. சிறுமலையிலும் பன்றிமலை, ஆடலூர்ப் பக்கத்திலும் காட்டுப்பன்றியும் காட்டு மாடும் தோட்டத்துக்குள் வரும்போது .32 ரிவால்வர் பொம்மைக்குச் சமம். அங்கே காலங்காலமாகப் புழங்கியது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸோடு கொஞ்சம், இல்லாமல் நிறைய. வன விலங்குச் சட்டம் இருக்க, பயிர்க் காவல் லைசென்ஸ் வேட்டைக்கு அனுமதி ஆகிவிடாது. சமவெளித் தோட்ட வீட்டில் தனியாக இருப்பவருக்கு 12 போர் நீளத் துப்பாக்கி, அதாவது கடை மொழியில் எஸ்.பி.பி.எல். (ஒற்றைக் குழல்) அல்லது டி.பி.பி.எல். (இரட்டைக் குழல்), கைத்துப்பாக்கியைவிடப் பல வகையில் நல்ல முடிவு. விலை குறைவு, சட்டத்தின் பார்வையிலும் சுலபம், இருட்டில் குறி வைப்பதும் எளிது. நூறு கிலோமீட்டர் தள்ளித் திருச்சி ஆலை பம்ப் ஆக்‌ஷன் ரகத்தையே செய்திருக்கிறது. ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத .177 ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அதைத் தற்காப்புக்கு என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது குறி பழக மட்டும். சில நூறு ரூபாய் மிளகு ஸ்பிரே, அதை வைத்து ஓடித் தப்பிக்கும் ஆளுக்கு, நிர்பீக்கைவிட அதிகம் உதவும்.

லைசென்ஸ் கையில் இருந்து, கட்டாயம் கைத்துப்பாக்கிதான் என்றால், என் தேர்வு கான்பூரின் சாதாரண எஃகு .32 ரிவால்வர். எடையைக் குறையாக நினைக்காமல், மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவுக்கும் மதுரைக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் ஒதுக்க வேண்டும். ஆனால் ரொக்கத்துக்காகக் கேட்பவர்களின் காரணமே இப்போது மெலிந்துகொண்டு வருகிறது. மண்டிக் கணக்குகள் வங்கிக்கும் மொபைலுக்கும் மாறிவிட்டன. பூ மார்க்கெட்டில் உதிரிப் பூ விற்கும் பாட்டியும் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். விண்ணப்பத்தில் ‘தினமும் பெருந்தொகை எடுத்துச் செல்கிறேன்’ என்று எழுதுபவரிடம் விசாரணைக்கு வரும் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்கக்கூடியது, ‘அதை ஏன் அக்கவுண்டில் போட்டு அனுப்பக் கூடாது?’ என்பதுதான். அதற்குப் பதில் தயாராக இல்லாதவர் ரகம் எது, விலை என்ன என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.